எல்லாருக்கும் மீடியம்தானாம்!

ஞாயிறு காலையில் கூடிக் கால்பந்து ஆடிவிட்டுக் கலைகிற கூட்டத்துக்கு ஜெர்சி தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால் பீரோவைத் திறந்ததும் கைக்கு எது அகப்பட்டதோ அதை மாட்டிக்கொண்டு வந்து ஆடினால் என்ன ஆகும் என்பதை எங்கள் அணி நன்றாகவே அனுபவித்துவிட்டது. நடுக்களத்தில் ஆடும் எங்கள் அண்ணன் ஒருவர், தங்கமான மனிதர், நீலச் சட்டை எங்கே தெரிந்தாலும் பந்தை அங்கே தள்ளிவிடுவார். எதிரணியிலும் நீலச் சட்டைக்காரர்கள் இருப்பார்கள் என்பது அவர் கணக்கிலேயே வராது. ஒருநாள் அவர் கொடுத்த, அவர் வாழ்நாளிலேயே அழகான பாஸ் ஒன்று எதிரணிக்குப் போய்க் கோலாகவும் முடிந்தது. அடித்தவர் ஓடி வந்து இவருக்குக் கைகொடுத்துவிட்டு வேறு போனார். அன்று ராத்திரியே கேப்டன் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டார்: "ஜெர்சி அடிக்கிறோம்."

கால்பந்து விதிகளில் நான்காவது விதி இதைப் பற்றியதுதான். இரண்டு அணிகளின் நிறமும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டுத் தெரிய வேண்டும், கோல்கீப்பர் மற்ற எல்லாரிடமிருந்தும் தனியாகத் தெரிய வேண்டும், நடுவரோடும் குழப்பம் வரக்கூடாது. என்ன நிறம் என்று மட்டும் அது சொல்வதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு வாரச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

வாக்கெடுப்பில் கறுப்பு ஜெயித்தது. கம்பீரம், மிரட்டல், எதிரணி பயப்படும் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் தொப்பை என்பது வாக்களித்த அத்தனை பேருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. வெயிலில் கறுப்பு சூட்டை இழுக்குமே என்று ஒருவர் நியாயமாகக் கேட்டார். "நீங்க என்னைக்கு வெயில் ஏறுற வரைக்கும் ஆடியிருக்கீங்க?" என்று பதில் வந்தது, அதோடு அடங்கிவிட்டார்.

நடுவில் சாம்பல் நிறம் என்று ஒரு யோசனை வந்தது, பார்க்க உயர்தரமாக இருக்குமாம். குழுவில் கால்பந்து வரலாறு தெரிந்த ஒருவர் இருக்கிறார், எந்த அணிக்கும் இப்படி ஒருவர் வாய்த்துவிடுவார். அவர் உடனே 1996-ஐ இழுத்துவிட்டார். மான்செஸ்டர் யுனைடெட் அந்த வருஷம் சவுத்தாம்ப்டனுக்கு எதிராகச் சாம்பல் ஜெர்சியில் ஆடி, இடைவேளைக்குள் 3-0 என்று பின்தங்கியது. கூட்டத்துக்கு நடுவே சொந்த ஆட்களே கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லி, மேலாளர் ஃபெர்குசன் இடைவேளையில் எல்லாருக்கும் ஜெர்சியை மாற்றிவிட்டார். இரண்டாம் பாதியில் ஒரு கோல் அடித்து 3-1 என்று தோற்றார்கள். அவர்களுக்கே கண் தெரியவில்லை என்றால் எங்கள் நடுக்கள அண்ணனுக்கு என்ன தெரியப் போகிறது? சாம்பல் அங்கேயே செத்தது.

அப்புறம் துணி. பருத்திக் கட்சி என்று ஒன்று தலைதூக்கியது, உறுப்பினர் ஒரே ஒருவர். உடம்பு மூச்சு விட வேண்டும், பாலியெஸ்டர் பிளாஸ்டிக், நான் போட மாட்டேன் என்று நின்றார். அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் பருத்தி ஈரத்தை நாருக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் பிடிக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. வியர்வை உள்ளே போக வழியில்லாமல் இழைகளின் இடுக்கு வழியே பரவி மேலே வந்து காய்ந்துவிடும். பருத்தி பனியனில் முழு ஆட்டம் ஓடியவர்களுக்கு விளக்கமே வேண்டாம், கடைசியில் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே தனி உடற்பயிற்சி.

இதற்குள் இன்னொருவர் எங்கேயோ ஜிஎஸ்எம் என்று படித்துவிட்டு வந்தார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. அன்றிலிருந்து அவர் யாரைப் பார்த்தாலும் சட்டை நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து "நூத்தி அறுபது இருக்கும்" என்பார், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டையைக்கூட விடவில்லை. ஓடி ஆடும் ஜெர்சிக்கு 140, 150 பக்கம் போதும் என்பது என் கருத்து. ரொம்ப மெலிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், தடித்தால் போர்வை.

அச்சடிக்கிற கடையில்தான் விஷயமே தெரிந்தது. இப்போது பெரும்பாலும் சப்ளிமேஷன் முறைதான். சாயத்தைத் தாளில் அச்சடித்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் துணிமேல் வைத்து அழுத்தினால், சாயம் ஆவியாகி பாலியெஸ்டர் இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். ஒட்டின எண் மாதிரி வெடிக்காது, உரியாது. ஆனால் பருத்தியில் இது பிடிக்காது (பருத்திக் கட்சி அன்றோடு கலைக்கப்பட்டது). கறுப்புத் துணியில் அடித்தாலும் எதுவும் தெரியாது. அதனால் வெள்ளைத் துணியை எடுத்து, முழுக்கக் கறுப்பு அடிப்பார்கள். உள்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். "இழுத்துப் போட்டா உள்ள இருக்கிற வெள்ளை எட்டிப் பாக்கும் சார், சைஸ் மட்டும் கரெக்டா குடுத்துடுங்க" என்றார் கடைக்காரர். நான் அதை அப்படியே குழுவில் போட்டேன். யார் படித்தார்கள்?

சைஸ் பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெயர், எண், சைஸ் என்று மூன்று பத்தி போட்ட ஒரு ஷீட். மறுநாள் திறந்து பார்த்தால் எல்லாரும் மீடியம். கேப்டன் மீடியம். கேப்டனில் பாதி இருக்கும் கல்லூரிப் பையனும் மீடியம். ஒருவர் மட்டும் "மீடியம், ஆனா கொஞ்சம் லூசா" என்று எழுதியிருந்தார். தம்பி, அதற்குப் பெயர்தான் லார்ஜ்.

சரி, அளவு கேட்போம் என்று முறையையும் எழுதிப் போட்டேன். வீட்டில் உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். ஒரு கடையின் லார்ஜ் இன்னொரு கடையில் எக்ஸ்எல், அதனால் எழுத்தை நம்பாமல் அங்குலத்தை நம்புங்கள். ஒருவர் கல்லூரிக் காலத்து டி-ஷர்ட்டை விரித்து அளந்து அனுப்பினார். இன்னொருவர் நேராக உடம்பிலேயே டேப் வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்த போட்டோவே அனுப்பினார், முகம் சிவந்திருந்தது. மூன்றாமவர் மீடியம் என்று அனுப்பிய செய்திக்குக் கீழே, அவர் எண்ணிலிருந்தே அடுத்த நிமிஷம் "அண்ணா எக்ஸ்எல் போடுங்க, நான் அவர் வைஃப்" என்று வந்தது. அவர் அதை அழிப்பதற்குள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது.

கடைசியில் கடையிலிருந்து மாதிரி ஜெர்சிகளை வாங்கி வந்து மைதானத்திலேயே போட்டுப் பார்க்க வைத்தேன். இதற்கு ஒரே ஒரு சோதனை போதும்: த்ரோ-இன் போடுவது போல இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்க வேண்டும். தொப்புள் தெரிந்தால் அடுத்த சைஸ். வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள், வரிசையாகத் தொப்புள்கள் தெரிந்தன. அப்படியும் ஒருவர், மூச்சை இழுத்துப் போட்டோ எடுத்தாரே அவரேதான், "நான் இளைக்கப் போறேன்" என்று சத்தியம் செய்து மீடியத்திலேயே நின்றுவிட்டார்.

எண் விவகாரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 10 வேண்டும் என்று நான்கு பேர், 7 வேண்டும் என்று மூன்று பேர். வரலாற்றுக்காரர் உடனே, 1928-ல் இங்கிலாந்து லீக்கில் ஆர்சனலும் செல்சியும் வேறுவேறு ஆட்டங்களில் முதன்முதலில் எண் போட்டு ஆடினபோது யார் எங்கே ஆடுகிறார் என்று காட்டத்தான் எண் என்று ஆரம்பித்தார். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்களில் பாதிப் பேருக்கு 12-க்கு மேல்தான் வரும் என்றதும் எல்லாருமாகச் சேர்ந்து அவரை அடக்கினார்கள். சீட்டுப் போட்டோம். நான்கு பேரில் தோற்ற ஒருவர் 100 வாங்கிக்கொண்டார். 10-ஐவிடப் பத்து மடங்காம்.

பெயரில்தான் பெரிய கூத்து. தமிழில் போட்டால் தனியாகத் தெரியும் என்று முடிவாகியிருந்தது. எல்லாரும் செல்லப் பெயர்தான். உயரமான எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் பெயர் கொக்கு. கடையிலிருந்து வந்த டிசைனில் அவருடைய கொம்பும் காலும் "க"-வுக்குப் பின்னால் போய், ஆளுக்கொரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றன. கொக்குக்குக் கால் உடைந்துவிட்டது என்று குழுவில் சிரித்துத் தீர்த்தார்கள். டிசைன் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாவிட்டால் இப்படித்தான் ஆகும். பெயரை வேறு இடத்தில் அடித்து, படமாக மாற்றிக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. எப்படியும் அச்சுக்குப் போகும் முன் டிசைனைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிடுங்கள். துணியில் ஏறிவிட்டால் கொக்கு காலமெல்லாம் நொண்டிதான்.

கால்சட்டையில் பேசப் பெரிதாக ஒன்றுமில்லை, ஜிப் வைத்த பாக்கெட் கட்டாயம் வேண்டும் என்பதைத் தவிர. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வண்டிச் சாவியை வைத்துக்கொள்ளும் கவலை கிடையாது. நமக்கு உண்டு. சாக்ஸ் பேச்சு வந்தபோது எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள், அவரவர் விருப்பம் என்று விட்டாகிவிட்டது.

ஜெர்சி வந்தது. உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. முதல் ஆட்டத்தில் எதிரணி எங்களைப் பார்த்து மிரண்டு, முதல் பத்து நிமிஷம் தங்கள் பாதியை விட்டு வெளியே வரவேயில்லை. நாங்கள் ஆட ஆரம்பித்த பிறகுதான் தைரியம் வந்தது. மீடியத்தில் நின்ற நண்பருக்குத் தோளிலும் கையிலும் நல்ல கறுப்பு. வயிற்றுப் பகுதியில் மட்டும் துணி இழுபட்டு, வட்டமாக, அன்று நாங்கள் வேண்டாம் என்று தள்ளிய அதே சாம்பல் நிறம். நடுக்கள அண்ணன் அவருக்கு மட்டும் கடைசிவரை பாஸ் கொடுக்கவில்லை.

கோல்கீப்பர் ஜெர்சி ஒன்றே ஒன்றுதான் அடித்தோம், கண்ணைக் கூசும் ஆரஞ்சு, எக்ஸ்எல். எங்கள் அணியில் நிரந்தர கீப்பர் கிடையாது, முறை வைத்து நிற்பார்கள். இந்த இடத்தில்தான் பருத்திக் கட்சி மீண்டும் எழுந்தது. பாலியெஸ்டரில் வியர்வை வாடை பருத்தியைவிட அதிகமாகத் தங்கும், அது உண்மைதான். நின்றவர் துவைத்துக் கொண்டுவர வேண்டும் என்று விதி போட்டோம். சிலர் கம்ஃபர்ட்டை ஊற்றி ஊறவைத்து இன்னும் கெடுத்தார்கள். அந்த மெருகு இழையில் படிந்துவிட்டால் துணி வியர்வையைப் பரப்புவதையே நிறுத்திவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, சாதாரணத் தண்ணீரில், சாதாரண சோப்பில் துவைத்து நிழலில் போட்டால் போதும். எழுதிப் போட்டேன், வழக்கம்போல் யாரும் படிக்கவில்லை.

பிறகு அணியில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். நல்ல வேகம், இரண்டு காலிலும் அடிப்பான், முன்வரிசைக்கென்றே செய்த ஆள். அவனுக்கு ஒரு ஜெர்சி அடிக்கலாம் என்று கேட்டால், பத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றது கடை. ஒற்றை ஜெர்சியாக அடித்தால் கறுப்பும் பழைய கறுப்போடு அப்படியே பொருந்தாதாம். கையிலிருந்தது ஆரஞ்சு ஒன்றுதான், அதனால் அவன் கோலில் நிற்கிறான். நன்றாகவே பிடிக்கிறான். அவன் வந்த பிறகு யாருக்கும் கீப்பர் முறை வருவதில்லை, துவைக்கிற வேலையும் இல்லை. வாரா வாரம் "அண்ணா, என் ஜெர்சி என்னாச்சு?" என்று கேட்கிறான். இன்னும் ஒன்பது பேர் சேரட்டும் தம்பி என்று கேப்டன் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆள் சேர்க்கிற வேலையை மட்டும் யாரும் ஆரம்பிக்கவில்லை.