7680-இல் யார்?

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது 2017 மே மாதம். அந்தப் பயம் அடங்குவதற்குள், ஜூனில் ஒரு புதன்கிழமை காலை எங்கள் அலுவலக ரூட்டரின் லாக்கை, அதாவது எந்தக் கணினி எதோடு பேசியது என்ற பதிவைப் பார்க்கிறேன், மேலே கணக்குப் பிரிவில் இருக்கும் கணினிகளும் கீழே குடோனில் இருப்பவையும் 7680 என்ற போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) ஒன்றையொன்று மாறி மாறி அழைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டு பிரிவுக்கும் ஒரு பிரிண்டரைத் தவிர வேறு பேச்சுவார்த்தையே கிடையாது. (நெட்வொர்க்கில்தான். மனிதர்கள் விஷயத்திலும் ஏறக்குறைய அதே கதை.)

வானாக்ரை பரவியது 445 வழியாக, இது 7680, அதனால் இது வேறு என்று நிதானமாக யோசித்திருக்கலாம். எனக்குத் தோன்றியதோ, புது ரகம் வந்துவிட்டது என்று. "சார், ஒரு மணி நேரம் எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கேபிள்களைப் பிடுங்கினேன். ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. கணக்குப் பிரிவு அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பிடுங்கிய பிறகுதான் உறைத்தது, இணைப்பே இல்லாத கணினியில் எந்த இணைப்பைத் தேடுவது? சரி என்று ஒன்றில் மட்டும் கேபிளைத் திரும்பச் செருகினேன். செருகிய நொடியே வெளியே ஏதோ ஒரு சர்வருக்கு அழைப்பு! அரை மணி நேரம் அதைத் துரத்தினால், இணையம் இருக்கிறதா என்று விண்டோஸ் தானே சோதித்துப் பார்ப்பதாம். மைக்ரோசாஃப்டின் முகவரி ஒன்றிலிருந்து மூன்றே சொல் உள்ள ஒரு குட்டிக் கோப்பை எடுத்துப் பார்க்கும். அதைத் தடுத்துவிட்டால், இணையம் நன்றாக ஓடும்போதே 'இணையம் இல்லை' என்று காட்டும்.

அப்புறம் குடோன் கணினி ஒன்றையும் செருகிவிட்டு, எந்த போர்ட்டை எது பிடித்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டினேன். 7680-ஐப் பிடித்திருந்தது எஸ்விசிஹோஸ்ட், விண்டோஸின் பல பின்னணிச் சேவைகளை ஓட்டும் நிரல். அது ஒரு ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி, வாசல் எண்ணை வைத்து உள்ளே யார் என்று சொல்ல முடியாது. அட்மினாகத் திறந்து, சேவையின் பெயரையும் காட்டச் சொல்லி மறுபடி ஓட்டிய பிறகுதான் ஆள் சிக்கியது: டெலிவரி ஆப்டிமைசேஷன். விண்டோஸ் 10-இல் கூடவே வருவது. ஒரு கணினி இறக்கிய அப்டேட்டை அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவை அதனிடமிருந்தே துண்டு துண்டாக வாங்கிக்கொள்ளும். அதற்கான சுவிட்ச் அப்டேட் செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் நூறு முறையாவது திறந்திருப்பேன்.

ஏன் புதன்கிழமை என்பதும் அப்போதுதான் புரிந்தது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அமெரிக்காவில் அப்டேட் வெளியாகும்போது நமக்கு இரவு பத்தரைக்கு மேல் ஆகியிருக்கும், ஆகவே நம் அலுவலகக் கணினிகள் மறுநாள் காலைதான் அதைப் பார்க்கும்.

வைரஸ் இல்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். சொன்னேனே தவிர, பட்ட அவமானத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. 7680-ஐ ரூட்டரில் அடைத்தேன், ஒவ்வொரு கணினியிலும் அந்தச் சுவிட்சையும் அணைத்தேன். ஜூலையில் அதே புதன் வந்தது. ஒவ்வொரு கணினியும் முழு அப்டேட்டையும் தனித்தனியாக இணையத்திலிருந்து இறக்க ஆரம்பிக்க, ஜிஎஸ்டி தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா மாடிப்படியில் நின்று கேட்டார்: "தம்பி, இன்னைக்கும் கேபிளைப் பிடுங்கிட்டீங்களா?"