ஐந்து பழைய சவரக் கத்திகளும் ஒரு வெர்னியரும்

பழைய மடக்குச் சவரக் கத்திகள் ஐந்து, ஒரே கட்டாகக் கிடைத்தன. இரண்டு மாதமாக அவற்றோடு மல்லுக்கட்டியதில் இன்றைய நிலவரம் இது: இரண்டு சவரம் செய்கின்றன, ஒன்று சாணைக்கல்லில் இருக்கிறது, ஒன்று தனிப் பெட்டியில் அடைபட்டுக் கிடக்கிறது, இன்னொன்றால் தபால் உறை கிழிக்கிறேன்.

முதல் வாரம் முழுக்க முத்திரை வாசிப்பதிலேயே போனது. அலகுக்கும் வாலுக்கும் நடுவே, விரல் பிடிக்கும் தண்டில்தான் செய்தவர் பெயரும் ஊரும் குத்தியிருக்கும். என் கட்டில் இரண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், இரண்டு ஜெர்மனியின் சோலிங்கன், ஒன்றுக்குப் பெயரே இல்லை. முதல் ஷெஃபீல்டில் ஒரு கிரீடம், அதன் இருபுறமும் வி, ஆர் என்ற எழுத்துகள். விக்டோரியா அரசியின் காலம் என்று பொருள். அதாவது 1837 முதல் 1901 வரை. அதற்கு முந்தைய வில்லியம் என்றால் டபிள்யூ, ஆர். ஜி, ஆர் என்று இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1830-க்கு முந்தைய ஜார்ஜ் என்று குதித்துவிடலாம். ஆனால் 1910-இல் மறுபடியும் ஒரு ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தார்.

இன்னொரு தடயம் நாட்டின் பெயர். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம் சொன்னது. அதனால் தண்டில் 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு செய்தது. பெயர் இல்லையென்றால் அதற்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது. எல்லாக் கத்தியும் அமெரிக்காவுக்குப் போகவில்லையே! அப்புறம் தண்டில் குத்தியிருந்த 'காஸ்ட் ஸ்டீல்' என்ற சொல். அதைப் பார்த்ததும் வார்ப்பிரும்பு என்று நினைத்து முகம் சுளித்தேன். உண்மையில் அது மூசையில், அதாவது சிறு மண் கலத்தில், உருக்கிய எஃகு. 1740-களில் ஷெஃபீல்ட் பக்கம் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கண்டுபிடித்த முறை. அந்தக் காலத்தில் அது தரத்துக்கான விளம்பரம்.

இப்படி வயதெல்லாம் கணித்து ஒரு நோட்டில் அழகாக எழுதி வைத்தேன். சவரத்துக்கு அதில் ஒரு வரிகூட உதவவில்லை.

உதவியது வெர்னியர் என்ற அளவுக் கருவி. சவரக் கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும், வெட்டும் விளிம்பான வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட வேண்டும். முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்துதான் வாயின் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. தீட்டுபவர் கையில் கோணம் இல்லை; கத்தியைச் செய்தவர் அதை முதுகிலேயே வைத்து அனுப்பிவிட்டார். ஏறக்குறைய 16, 17 டிகிரி இருந்தால் நல்லது. அவசரத்தில் அலகின் அகலத்தை முதுகின் தடிமனால் வகுத்துப் பார்க்கிறேன். மூன்றரை பக்கம் வந்தால் நிம்மதி.

பெயரில்லாத கத்தியில் அகலம் 16.2 மில்லிமீட்டர், முதுகு 4.6. கணக்குக்கு 16 டிகிரி சொச்சம். அலகில் பூவேலையின் பொன்பூச்சு அங்கங்கே மிச்சமிருந்தது. அந்தப் பூச்சு லேசாகத் தேய்த்தாலே போய்விடும்; அது இருக்கிறதென்றால் யாரும் இந்த அலகை மெஷினில் போட்டு மெருகேற்றவில்லை என்று அர்த்தம். 1000 எண் கல்லில் வாய் பிடித்து, 8000, 12000 என்று (எண் கூடக் கூடக் கல் நைஸாகும்) ஏற்றி, தோல் வாரில் ஐம்பது முறை இழுத்தேன். முதல் சவரத்திலேயே கன்னம் வழுவழு. தாடையில் ஒரு கீறல், அது என் கைக்கோளாறு.

இரண்டாவது ஷெஃபீல்ட்தான் கட்டிலேயே அழகு. கண்ணாடி மாதிரி பளபளப்பு, பெரிய பெயர். அதற்காகவே கட்டை வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். தீட்டினால் அடிப்பக்கம் நன்றாக நின்றது. நுனிப் பக்க மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே சவரத்தில் மழுங்கியது. மூன்று முறை மறுபடி தீட்டிய பிறகுதான் பூதக்கண்ணாடியை முத்திரைப் பக்கம் திருப்பினேன். எழுத்துகளின் விளிம்பு கரைந்து, சோப்பில் எழுதியது போல இருந்தது. யாரோ மெருகுச் சக்கரத்தில் வைத்து நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். மெல்லிய நுனி சட்டென்று சூடேறும். சூடேறினால் எஃகின் பதம், அதாவது கடினம், இறங்கிவிடும். நீலம் பாய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்த நீலத்தையும் அதே சக்கரம் துடைத்திருக்கும். என் ஊகம் இதுதான். பதம் போன நுனிக்குக் கல்லில் வைத்தியம் இல்லை. இனி பளபளப்பைப் பார்த்தால் சந்தேகப்படுவேன். மங்கிய பழுப்புப் படிவம் எவ்வளவோ மேல்.

விக்டோரியா கத்தி ஆப்பு மாதிரி திண்ணென்று இருக்கும். நடுவில் குழியே இல்லாததால் கல்லில் நிறைய எஃகைக் கரைக்க வேண்டியிருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆனால் கெட்டியான தாடியில் அது போகும் அமைதி தனி.

செல்லுலாய்ட் கதையைச் சொல்ல வேண்டும்; கற்பூரம் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக் அது. ஒரு சோலிங்கனின் கைப்பிடி ஆமை ஓடு போலத் தெரிந்தது. ஆமை ஓடா, பிளாஸ்டிக்கா என்று பார்க்கச் சூடான ஊசியால் தொடலாம் என்று நினைத்தேன், நல்லவேளை, தொடவில்லை. செல்லுலாய்ட் குப்பென்று பற்றிக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தபோது கற்பூர வாசனை வந்தது, விஷயம் முடிந்தது. பழைய செல்லுலாய்ட் சிதையும்போது அமில ஆவி விடும். அலகில் கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் அரித்து, தண்டு சுத்தமாக இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அதுவரை ஐந்தையும் ஒரே பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்தேன்! அன்றிரவே அதைத் தனியாக்கினேன். துருவின் கரும்புள்ளிகள் வாய் வரைக்கும் இறங்கிவிட்டன; தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிகளில் உதிரும். கைப்பிடியைக் கழற்றி எறிந்தாலும் அலகு தேறாது.

கல்லில் இருப்பது கடைசி சோலிங்கன். நகத்தால் சுண்டினால் பாடும் அளவுக்கு மெல்லிய அலகு. யாரோ பல வருஷம் கல்லில் அழுத்தியே தேய்த்ததில் முதுகில் பட்டையாகச் சமதளம் விழுந்திருக்கிறது. வாயும் நடுவில் உள்வாங்கிவிட்டது. வாய் வெளிப்பக்கம் வளைந்திருந்தால் பரவாயில்லை, உட்பக்கம் வளைந்தால் நடுப்பகுதி கல்லையே தொடாது. வாயைக் கல்லின் மேல் செங்குத்தாக வைத்து இழுத்து நேராக்கினேன்; மனசு வலித்தது. இப்போது அகலம் 14.5, முதுகு 3.2. கோணம் 13 டிகிரிக்கும் கீழே. முதுகில் மின்சார டேப் இரண்டு அடுக்கு ஒட்டிப் பார்த்தேன். ஒரு அடுக்கு 0.15 என்பதால் இரு பக்கமும் சேர்த்து 0.6 கூடி, 15-ஐத் தொட்டது. நேற்று 1000 கல் முடிந்தது. வாயோரம் மார்க்கரால் மை தடவி ஒரு இழுப்பு இழுத்தபோது மை முழு நீளத்துக்கும் போய்விட்டது, அடிமூலையில் ஒரு நெல்மணி அளவைத் தவிர. இன்றைக்கு அந்த நெல்மணியோடுதான் வேலை.