தவக்கால வெள்ளிக்கிழமை, ஏற்காட்டு மலையில அம்மாவோட நேர்ச்சை

போன வருஷம் அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் நடந்தப்போ அம்மா நம்ம சேலம் குழந்தை இயேசு பேராலயத்துல முட்டி போட்டு நேர்ந்துகிட்டாங்க, இவரு நடந்து வீட்டுக்கு வந்துட்டா வர்ற தவக்காலத்துல எம்பொண்ண ஏழைபாழைங்களுக்கு ஒடம்பு நோக உழைக்க அனுப்புறேன் ஆண்டவரேன்னு. அப்பா இப்போ தினமும் அஸ்தம்பட்டி வரைக்கும் வாக்கிங் போயிட்டு வர்றாரு. அதனால காலேஜ்லருந்து ஏற்காட்டுக்கு தவக்கால சேவைக்கு போறோம்னு சிஸ்டர் சொன்னதும் மொத ஆளா பேர் கொடுத்துட்டேன்.

ஒருசந்தி விரதம் வேற, காலையில வெறும் கஞ்சித்தண்ணி. பஸ்ல கால் வைக்க எடமில்ல, டூரிஸ்ட் கூட்டம் வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சிடுது, 20 கொண்டை ஊசி வளைவும் நின்னுகிட்டேதான். வளைவுலயே காரை நிறுத்தி போட்டோ எடுக்கறாங்க, பின்னாடி வர்ற பஸ்ஸப் பத்தி யாருக்கும் கவலையே இல்ல. ஏரிகிட்ட எறங்குனா மண்வெட்டி, பாண்டுச்சட்டியோட நிக்கிற எங்ககிட்டயும் வந்து லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் சுத்திக்காட்டுறோம்னு ஒரே தொல்லை. இதெல்லாம் பரவால்ல, மணல் சிமெண்ட் ஹாலோ பிளாக் ஏத்திட்டு வந்த பிக்அப்காரர் பேசின காச வாங்கிகிட்டு பாதி வழியிலயே எறக்கிட்டு, மேல போகணும்னா தனி ரேட்டுன்னுட்டாரு. ஃபாதர் கையில ஏது காசு, எல்லாம் தவக்கால உண்டியல்ல பிள்ளைங்க போட்டது. "சரி, சிலுவைய நாமளே சுமப்போம்"னு சட்டைக் கைய மடிச்சிகிட்டாரு.

வேலை என்னன்னா, மேல தனியா இருக்கற ஒரு பாட்டிக்கு கழிப்பறை கட்டறது. ராத்திரியில வெளிய போனா காட்டெருமை நிக்குமாம், அதுக்கு பயந்து சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கறதில்லையாம். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காப்பிச்செடி வச்ச மலைங்க இது, இத்தனை வருஷமா எவ்வளவோ பேருக்கு பணம் கொட்டியிருக்கு, அந்த அம்மாவுக்கு நாலு சுவரு இல்ல. கேட்டப்போ வயிறு எரிஞ்சிது.

முந்தின வாரம் மழை பெஞ்சதால காப்பி பூத்து வழியெல்லாம் மல்லிகை வாசம், ஆனா அதை அனுபவிக்கவா முடிஞ்சிது! துப்பட்டாவ சும்மாடு கட்டி மணல் சட்டிய தலையில வச்சா கழுத்து உள்ள போகுது, செம்மண் ஏத்தம், கால் வழுக்குது. மூணாவது நடையில எனக்கு கண்ணு இருட்டிகிட்டு வந்துருச்சு. ஆண்டவரே இதுக்கு மேல முடியலன்னு சில்வர் ஓக் மரத்துல சாஞ்சி நிக்கறேன், மேலருந்து ஒரு பெரியவர் மிளகு பறிச்சிட்டு ஏணிய தோள்ல போட்டுகிட்டு எறங்கி வர்றாரு. என்னைப் பாத்தாரு. ஏணிய மரத்துல சாத்திட்டு "குடு கண்ணு"ன்னு சொல்லி சட்டிய தூக்கி தன் தலையில வச்சிகிட்டு, வந்த வழியே திரும்பி ஏற ஆரம்பிச்சிட்டாரு. காலையிலருந்து மரம் ஏறி எறங்கின மனுஷன், வீட்டுக்கு போய்ட்டிருந்தவரு. "வேணாங்க ஐயா"ன்னு பின்னாடியே ஓடறேன், காதுலயே வாங்கல. அதோட விடாம சாயங்காலம் வரைக்கும் எங்களோடவே சுமந்தாரு. ஃபாதர் கூலி கொடுக்கப் போனா, "எங்கூரு கெழவிக்கு நீங்க செய்யறீங்க, நான் காசு வாங்குவனா"ன்னுட்டாரு.

வேலை முடிச்சி அதே பாதையில சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போனத 14 ஸ்தலமா நின்னு நின்னு தியானிக்கற ஜெபம். ரெண்டு சவுக்குக் கட்டைய கட்டி சிலுவை. 14 ஸ்தலத்துக்கும் ஆள் ஆளுக்கு பேப்பர் பிரிச்சி கொடுத்தாங்க, எனக்கு வந்தது அஞ்சாம் ஸ்தலம். சீரேன் ஊர் சீமோன், அலெக்சாந்தருக்கும் ரூபுவுக்கும் அப்பா, வயக்காட்டுலருந்து வந்துகிட்டிருந்தவரு, வழியில அவரப் புடிச்சி இயேசுவோட சிலுவைய சுமக்க வச்சாங்க. சின்ன வயசுலருந்து கேட்டதுதான், ஆனா வயக்காட்டுலருந்து வந்தவருன்னு வாசிச்சதும் தலைய தூக்கினேன், அந்த பெரியவர் கடைசியில நிக்கறாரு. அந்த மலையோட சேர்வராயன் சாமிய கும்பிடறவரு, தலைத்துண்ட எடுத்து இடுப்புல கட்டி கையெடுத்து நிக்கறாரு. எனக்கு அப்புறம் ஒரு வரி வாசிக்க வரல, தேம்பித் தேம்பி அழுதுட்டேன், சிஸ்டர்தான் பேப்பர வாங்கி முடிச்சாங்க. ஆண்டவரே, உமக்கு சுமக்கத்தான் நான் வந்தேன், என் பாரத்தையும் சுமக்க நீரே ஆள் அனுப்புனீரே! ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நாங்க நின்னப்பவும் அப்படித்தான், முன்னபின்ன தெரியாத ஒருத்தர் வந்து ரத்தம் கொடுத்துட்டு பேர்கூட சொல்லாம போனாரு. கோடி நன்றி ஆண்டவரே, கோடி நன்றி.

அம்மாகிட்ட சொன்னேன், நேர்ச்சை நிறைவேறிடுச்சுன்னு விளக்கேத்தி ஜெபமாலை சொன்னாங்க. சுவரு இடுப்பளவுதான் வந்திருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை திரும்பவும் போறோம், கதவும் மேல போட ஷீட்டும் தூக்கணும், சேலத்துல இருக்கறவங்க யாருக்காவது முடிஞ்சா வாங்க. பாட்டிக்காகவும் அந்த பெரியவர் குடும்பத்துக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்க. இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!