முன்னுரையை விடுங்கள், பட்ஜெட்டைப் பாருங்கள்

வெவ்வேறு நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுக் கூட்டாண்மைகளில் சமத்துவத்தை ஆராய, முனைவர் பட்ட மாணவர்களுக்கான குறுகியகாலப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: கையில் இருப்பது பெரும்பாலும் 3 மாதம்தான். நேர்காணல்களுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். ஒப்புதல் வரும்வரை ஒப்பந்தங்களைப் படிக்கலாம். முன்னுரையில் எல்லோரும் சமமாகத்தான் இருப்பார்கள். பட்ஜெட் இணைப்பில்தான் யார் முதன்மை ஆய்வாளர், யார் வெறும் 'களப்பணி உதவி' என்பது தெரியும்.

பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். செலவழித்துவிட்டு ரசீது காட்டி வாங்கும் முறை என்றால், சிறிய பல்கலைக்கழகம் மாதக்கணக்கில் சொந்தக் கையிருப்பில் ஓட்ட வேண்டும். முடியாதவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். எந்த ஆவணத்திலும் இது பாகுபாடு என்று பதிவாகாது. ஆனால் இது பாகுபாடுதான்.

அடுத்து, கட்டுரைகளின் ஆசிரியர் வரிசை. ஆய்வு வடிவமைப்பு, தரவு உரிமை, ஆசிரியர் பட்டியல் எல்லாவற்றிலும் உள்ளூர் ஆய்வாளர்களை இயன்றவரை சேர்க்கச் சொல்கிறது 2018-இல் வந்த டிரஸ்ட் (TRUST) நெறிமுறை, அதாவது வளம் குறைந்த இடங்களில் நடக்கும் ஆய்வுகளுக்கான உலகளாவிய நடத்தை விதித்தொகுப்பு. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

நேர்காணலில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஒரு நாட்டில் ஒரே ஒரு கூட்டாளி இருந்தால், நாட்டின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அறிக்கையில் அதையும் எடுத்துவிடுங்கள். அடுத்த நிதி யார் கையில் இருக்கிறதோ, அவர்கள்தான் அந்த அறிக்கையை முதலில் படிப்பார்கள்.