அலுமினியத் தாள் சுற்றிய குழாய்

மார்ச் 4
உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் உள்ள தம்பியின் இரத்தத்தை எடுத்தவுடன் ஆய்வகத்துப் பெண் அந்தக் குழாயை அலுமினியத் தாளால் சுற்றினார். வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஈ சிதைந்துவிடுமாம்.

மார்ச் 5
முடிவு வரவில்லை.

மார்ச் 9
மில்லிலிட்டருக்கு 4.1 மைக்ரோகிராம், கீழ்வரம்பு 5. இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் மிகக் குறைந்து 7 என்று முதன்முதலில் படித்த நாளில்கூட நான் இவ்வளவு கலங்கவில்லை, ஏனெனில் தாமிரத்தை வெளியேற்றுவது மருந்தின் பொறுப்பு, வைட்டமின் குறைந்தால் மட்டும் சமைத்துப் போட்டவள் மீது பழி விழுகிறது. ஆனால் இது உணவுக் குறையாக இருக்க வேண்டியதில்லை. ஏடிபி7பி மரபணு பழுதானதால் பித்தநீரில் கழிய வேண்டிய தாமிரம் கல்லீரலில் தேங்குகிறது. கட்டுப்படாத தாமிரம் ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து ஹைட்ராக்சில் என்னும், எதனோடும் வினைபுரியத் துடிக்கும் ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்க, அது மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுக் கொழுப்பைத் தாக்குகிறது. வைட்டமின் ஈ அங்கே தன்னைக் கொடுத்துச் சவ்வைக் காக்கிறது. அப்படியானால் அவன் உண்ணாததால் அன்று, செலவழிந்ததால்தான் குறைந்திருக்கிறது.

மார்ச் 10
நேற்று எழுதியதை அடிக்கவில்லை, ஆனால் அவசரப்பட்டுவிட்டேன். வைட்டமின் ஈ இரத்தத்தில் கொழுப்புத் துகள்களின் மீதேறித்தான் பயணம் செய்கிறது. கல்லீரல் நலிந்தவனுக்குக் கொழுப்பே குறைவு. அவன் கொலஸ்ட்ரால் 105. வைட்டமின் ஈ அளவை அதனால் வகுத்துப் பார்த்த மருத்துவர், குறைபாடு என்று சொல்ல முடியாது என்றார். துணைக்குச் சிறிதளவு ஈ மாத்திரை தரலாம், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாயிருப்பதால் அதிகம் கூடாது, தாமிரத்தை வெளியேற்றும் மருந்தான பெனிசிலமினுக்கு அது மாற்றாகாது என்றும் சொன்னார். எனக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று தெரியவில்லை.

மார்ச் 12
அம்மா வைட்டமின் சி மாத்திரை டப்பாவோடு வந்தார்கள். நான் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்தேன். ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் இருந்தாலும், சோதனைக்குழாயில் அது தாமிரத்தைப் பெராக்சைடோடு வினைபுரியும் வடிவத்துக்கு மாற்றித் தீயை வளர்க்கவும் செய்யும். பழத்தில் உள்ள அளவு வேறு, 500 மில்லிகிராம் மாத்திரை வேறு. அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார்கள்.

மார்ச் 13
சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு பெனிசிலமின், மறக்காமல் பைரிடாக்சின் என்னும் வைட்டமின் பி6. அலமாரியின் மேலிருந்த டப்பாவைக் காணவில்லை.

மார்ச் 15
உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. நாளை காலையில் என் முதல் சிறுநீரை வெளியே கழித்துவிட்டு, ஏழு மணியிலிருந்து 24 மணி நேரத்துக்கு வரும் சிறுநீரைத் தாமிரச் சோதனைக்காகக் குடுவையில் சேகரிக்க வேண்டும்.