முதல் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?

துபாய் கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். விசா விண்ணப்பம், எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட் புதுப்பிப்பு, அட்டெஸ்டேஷன் என்று வருகிற எல்லாவற்றையும் நிரப்பித் தருவதுதான் தொழில். பெரும்பாலான வேலைகளை விரல்களே பார்த்துக்கொள்ளும். என்னை நிமிர்ந்து உட்கார வைப்பவர்கள், கைக்குழந்தையோடு ஆளுக்கொரு நாட்டு பாஸ்போர்ட்டை நீட்டுகிற கணவன் மனைவிதான்.

இந்த ஊரில் அது அபூர்வம் இல்லை. தஞ்சாவூர்க்காரர் கூட வேலை பார்த்த பிலிப்பினோ பெண்ணைக் கட்டியிருப்பார். திருச்சிப் பெண் யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டியிருப்பார். இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தைக்கு அமீரகக் குடியுரிமை கிடைக்காது. அப்பாவின் நாடு, இல்லையென்றால் அம்மாவின் நாடு. பிறந்த 120 நாட்களுக்குள் குழந்தைக்கு ரெசிடென்ஸ் விசா எடுத்தாக வேண்டும், தாண்டினால் நாள் கணக்கில் ஃபைன். விசா எடுக்க பாஸ்போர்ட் வேண்டும். அதனால் என் மேஜைக்கு வருகிறவர்கள் குழந்தை எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதில்லை. "அண்ணே, எந்த எம்பசியில சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள்.

சீக்கிரம் கிடைத்த இடத்தில் வாங்கிவிடுகிறார்கள். ஒரு பிள்ளையின் குடியுரிமையை விசா கெடுவும் அப்பாயின்ட்மென்ட் தேதியும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன. பாஸ்போர்ட்டை ஏதோ பயணச்சீட்டு போல நினைத்துக்கொள்வதுதான் காரணம். இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை முதல் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது பெரிய விஷயம்.

1955-ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இதைப் பற்றியது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் அப்பா அம்மாவில் ஒருவர் அந்தப் பிறப்பின்போது இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், குழந்தை வம்சாவளியில் இந்தியக் குடிமகனாகலாம். ஆனால் 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்திருந்தால், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், ஃபைல் டெல்லிக்குப் போகும். பதிவு செய்யும்போது பெற்றோர் ஒரு உறுதிமொழி எழுதித் தர வேண்டும்: இந்தக் குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த உறுதிமொழி பாஸ்போர்ட்டைப் பற்றித்தான் பேசுகிறது, குடியுரிமையைப் பற்றி அல்ல. தஞ்சாவூர்க்காரரின் குழந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்புப்படி அப்பாவோ அம்மாவோ பிலிப்பினோவாக இருந்தால் குழந்தையும் பிலிப்பினோதான். அது பிறவியிலேயே வந்துவிடுகிறது, பிறப்பைக் கொஞ்சம் தாமதமாகப் பதிந்தாலும் போய்விடாது. முதலில் இந்தியப் பதிவும் இந்திய பாஸ்போர்ட்டும் எடுத்தால், பதினெட்டு வயது வரை பெரிய சிக்கல் இல்லை. பதினெட்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் இன்னொரு குடியுரிமையைத் துறக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று சட்டமே சொல்கிறது. அதாவது முடிவெடுக்கப் பிள்ளைக்கே ஒரு வயது வருகிறது. முதலில் பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டால் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியாது. அப்புறம் ஓசிஐ கார்டுதான், அதாவது வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருகிற அட்டை. ஓசிஐ நல்ல ஏற்பாடுதான், தாத்தா வீட்டுக்குப் போக ஒவ்வொரு முறையும் விசா வேண்டாம். ஆனால் ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. டெல்டாக்காரரிடம் இந்த இரண்டாவதைச் சொன்னால் முகம் மாறும். ஓட்டுரிமையைச் சொன்னால் அவ்வளவாக மாறாது, அது வேறு கதை.

பெயர் விவகாரம் தனி. நம் ஆட்களில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், அல்லது அங்கே அப்பா பெயர் இருக்கும். பிலிப்பைன்ஸ் வழக்கப்படி அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் குழந்தையின் நடுப்பெயராக வரும். இங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த பெயர்தான் பர்த் சர்டிபிகேட்டில் ஏறும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால், மூன்றும் ஒரே குழந்தைதான் என்று பிற்பாடு அஃபிடவிட் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரி ஃபாரத்தை நிரப்பும் முன்பே புருஷன் பெண்டாட்டி இருவரும் உட்கார்ந்து பேசி ஒரே வடிவத்தை முடிவு செய்துவிட்டால் எவ்வளவோ மிச்சம். ஆனால் பிரசவ வார்டில் யார் அதை யோசிப்பார்கள்.

இலங்கைத் தகப்பன்மார்களுக்கும் இதே ஒரு வருடக் கணக்கு உண்டு. 1948 குடியுரிமைச் சட்டத்தில் கணவன் மனைவிக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பா வழிதான் என்று இருந்ததை 2003-இல் திருத்தி, அம்மா வழியையும் சேர்த்தார்கள். இந்தியா இதை 1992-லேயே செய்துவிட்டது. 1992 டிசம்பர் 10-க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அப்பா இந்தியராக இருந்தால்தான் உண்டு, அம்மா இந்தியராக இருப்பது கணக்கில் வராது. இந்தத் தேதி வெறும் சட்டப் புத்தக விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஓர் அக்காவும் தம்பியும் எங்கள் கடைக்கு வரும் வரை. அம்மா கேரளம், அப்பா சூடான். அக்கா பிறந்தது 1991, தம்பி 1994. ஒரே வயிறு, ஒரே வீடு. தம்பி அம்மா வழியில் இந்தியர், அக்காவுக்கு அந்த வழியே இல்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன், சீக்கிரம் பிறந்ததா?" என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அம்மாவின் ரத்தம் 1992-இல்தான் இந்திய ரத்தம் ஆனதா என்ன?

எல்லாவற்றிலும் கடினமானது இந்திய - பாகிஸ்தான் ஜோடிகள். இங்கே அக்கம்பக்கத்து டேபிளில் வேலை பார்க்கிறவர்கள், கல்யாணம் ஆகிவிடுகிறது. அப்பா அம்மாவில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பாகிஸ்தான் குடிமகனாக இருந்தால் ஓசிஐ கிடையாது. பிலிப்பினோ குழந்தைக்கு இருக்கிற அந்த இரண்டாவது வழி இவர்களுக்கு இல்லை. ஒரு வருடத்துக்குள் இந்தியப் பதிவு செய்கிறார்களா, இல்லையா என்பதுதான் மொத்தமும். பாகிஸ்தான் பாஸ்போர்ட் முதலில் வந்துவிட்டால், அம்மாவின் ஊருக்குப் போக அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க விசா கேட்டு நிற்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட் எடுத்தால் அப்பாவின் ஊருக்கு அதே கதை. எது சரி என்று நான் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்வேன்.

இப்போதெல்லாம் மனைவி மாசமாக இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தாலே, விசா புதுப்பிக்க வந்தவர்களிடம்கூட இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறேன். "ஃபாரம் நிரப்பத்தானே கடை வைத்திருக்கிறோம், வக்கீல் வேலை எதற்கு?" என்பார் முதலாளி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பின்னால் நிற்கிற வரிசை நீண்டுகொண்டே போகும்.

அப்படிக் கேட்டுவிட்டுப் போன ஒரு ஜோடி, குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டே போதும் என்றார்கள். செபுவில் மனைவி குடும்பத்துக்கு வீடு இருக்கிறது, பிள்ளை அங்கேதான் படிக்கப்போகிறான், ஊருக்குப் போய்வர ஓசிஐ எடுத்துக்கொள்கிறோம் என்றார் மதுரைக்காரக் கணவர். சரி, அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. கல்யாணத்தை பிலிப்பைன்ஸ் கான்சுலேட்டில் பதிவு செய்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்கள். அதை முடித்த பிறகுதான் குழந்தையின் பிறப்பைப் பதிய முடியும் என்று சொல்லி, முதலில் அந்த ஃபாரத்தை எடுத்தேன்.