குளக்கட்டு வேலையும் குள்ளத்தாராவும்

நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேரும் ஒருவருக்குப் பறவைகளைப் பற்றி எவரும் பாடம் நடத்துவதில்லை. துருசின் (மதகின்) கதவு ஒழுகுகிறதா, வான் (மிகைநீர் வெளியேறும் வழி) பாயும்போது அணைக்கட்டின் ஓரம் அரிக்கிறதா, கட்டில் எலிவளை இருக்கிறதா என்பவைதாம் எங்கள் கவலைகள். இலங்கையின் கிழக்கே அம்பாறை மாவட்டக் குளங்களில் குள்ளத்தாரா என்னும் சிறு பறவையை நான் கவனிக்கத் தொடங்கியது, கட்டுத் துப்புரவுக்காக வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததால்தான்.

இதனைக் குள்ளக் காட்டுவாத்து என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழைத்தாலும், மெய்யான காட்டுவாத்துகளின் இனத்தில் இது சேராது. கூந்தன்குளம் போன்ற தமிழ்நாட்டு நீர்நிலைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் வரித்தலை வாத்து இரண்டு மூன்று கிலோ எடையுடையது. இமயத்தைத் தாண்டிப் பறந்து, திபெத்து, மொங்கோலியா ஏரிக்கரைகளில் தரையிலேயே கூடு கட்டுவது. குள்ளத்தாராவோ ஏறத்தாழ 30 செ.மீ. நீளமே கொண்டது, வாத்துக் குடும்பத்தின் மிகச் சிறிய இனங்களுள் ஒன்று, எங்கள் குளங்களைவிட்டு எங்கும் தொலைதூரம் போகாதது. ஆணின் தலையும் கழுத்தும் வெண்மை. உச்சியில் கருந்தொப்பி, கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, முதுகில் பச்சை மினுக்கம். பறக்கும்போது இறகில் தெரியும் வெள்ளைப் பட்டியைக் கண்டால் வேறெதனோடும் குழம்ப முடியாது. பெண் பழுப்பு நிறமானது, கண்ணின் குறுக்கே ஒரு கருங்கோடு ஓடும். தாமரை, அல்லி இலைகளுக்கிடையே மிதந்தபடி விதைகளையும் இளந்தளிர்களையும் நீர்ப்பூச்சிகளையும் குட்டையான அலகினால் பொறுக்கித் தின்னும்.

என் வேலையோடு இந்தப் பறவை முட்டிக்கொள்ளும் இடம் அதன் கூடு. இது மரப்பொந்தில் முட்டையிடும். ஆனால் மரங்கொத்தியைப் போலப் பொந்தைத் தானே குடைந்துகொள்ள இதனால் முடியாது. கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, உள்மரம் உளுத்து, ஒரு தாரா நுழையுமளவுக்குக் குழி விழுவதற்குப் பல்லாண்டுகள் செல்லும். ஆகவே நீரோரத்தில் நிற்கும் கிழட்டு மருதமோ பட்டமரமோதான் இதற்கு வீடு. பொரித்த குஞ்சுகள் சிறிது காலத்திலேயே பொந்தின் வாயிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்துத் தாயின் பின்னால் நீரில் சேர்ந்துவிடும்; எனவே மரம் நீரை விட்டு எட்டவும் இருத்தலாகாது.

ஒரு மாரி முடிந்து குளம் நிறைந்திருந்த நாட்களில், குளத்துக்கு நீர் வந்து சேரும் மேற்பக்கக் கரையில், அதாவது மேற்கரையில், நின்ற பட்ட மருதமொன்றுக்கு இலக்கமிட்டுக்கொண்டிருந்தோம். ஆண் தாரா, தாமரை இலைகளுக்கு நடுவே நின்றது. பெண் நீர்மட்டத்தை ஒட்டி வேகமாக வந்து, சற்றும் தயங்காமல் ஓர் ஆளுயரத்துக்கு மேலிருந்த பொந்துக்குள் நுழைந்து மறைந்தது. பொந்தின் விளிம்பில் பட்டை தேய்ந்து வழுவழுப்பாகியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சங்கிலி வாளோடு வந்திருந்தவர், “ஐயா, உள்ளுக்க தாரா இருக்கு. குஞ்சு பொரிச்சு இறங்கினப் பிறகு வெட்டுவமா?” என்று கேட்டார். “பிறகும் வேணாம் தம்பி, இந்த இலக்கத்தப் பட்டியல்ல இருந்தே எடுப்பம்” என்றேன். விறகு போகிறதே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அதிலும் நியாயம் உண்டு.

மரம் என்றாலே காக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. குளக்கட்டின் மேல் வளரும் மரத்தை வெட்டத்தான் வேண்டும். அதன் வேர் இற்றுப்போன வழியாக நீர் கசிந்து, கசிவு குழாயாகி, ஒரு மாரியிலேயே கட்டு உடையக்கூடும். உடைந்தால் கீழே வட்டையில் (வயல்வெளியில்) வேளாண்மை முழுவதும் போய்விடும். துருசின் வாயையும் வானின் வழியையும் மறிக்கும் மரமும் அப்படியே. ஆனால் நீர் வந்து சேரும் மேற்கரையில், கட்டிலிருந்து வெகுதூரத்தில் நிற்கும் பட்டமரத்தால் பொறியியல் நோக்கில் எந்தத் தீங்கும் இல்லை. துப்புரவு என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டையும் சேர்த்து மதிப்பீடு போடும் வழக்கம்தான் கேடு.

உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகச் செம்பட்டியலில் குள்ளத்தாரா ‘குறைந்த கவலைக்குரிய’ இனமாகவே இடம்பெறுகிறது. பாகிஸ்தான், இந்தியா தொடங்கித் தென்சீனம், தென்கிழக்காசியா வழியாக அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வரை பரந்திருக்கும் இனத்துக்கு அந்த மதிப்பீடு பொருத்தமே. எனினும் அது பரப்பு முழுவதையும் ஒருசேர எடைபோடும் கணக்கு. பொந்துள்ள மரங்களை இழந்த ஒரு குளத்தின் நிலையை அது காட்டாது. அப்படிப்பட்ட குளத்தில் தாராக்கள் சில காலம் மேய்ந்துகொண்டுதான் இருக்கும், அதனால் குறை எவர் கண்ணிலும் படாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் எண்ணற்ற முதுமரங்களைச் சாய்த்தது. அதற்குப்பின் முளைத்த மருதங்களில் பெரும்பாலானவை பார்வைக்குப் பெரியவையாக இருந்தாலும் பொந்து விழும் வயதை இன்னும் எட்டவில்லை என்பது என் எண்ணம்.

இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்துக்குள் நிற்கும் பட்டமரங்களைப் பார்த்தவர்களுக்கு, செத்த மரத்தில் எத்தனை உயிர்கள் குடியிருக்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிறு குளங்களில் நிலைமை வேறு. நீர்க்காகம் உட்கார்ந்து மீனைத் தின்கிறது என்று மீன்பிடிப்பவர்கள் பட்டமரத்தை வெட்டக் கேட்பார்கள். ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) படர்ந்து திறந்த நீரை மூடினால் தாமரையும் அழியும், தாராவும் போய்விடும். ஆற்றுவாழையை அகற்ற பெக்கோ (மண் அகழும் இயந்திரம்) இறங்கும்போது வழியில் நிற்கும் மரத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுவார்கள். ஆற்றுவாழையை அகற்றுவது நல்ல வேலை. இயந்திரம் இறங்கும் பாதையை முன்னரே குறித்துக் கொடுத்தால் மரமும் தப்பும்.

இப்போது வேலைக்கு வரும் இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய மாற்றமொன்றைத்தான். மரங்களுக்கு இலக்கமிடும்போது கட்டுக்குரியவற்றைத் தனித் தாளிலும் மேற்கரைக்குரியவற்றை வேறு தாளிலும் எழுத வேண்டும்; பொந்துள்ள மரத்துக்கு வேறு நிற வர்ணம் பூசி, பயிர்ப்போக ஆரம்பக் கூட்டத்தில், வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டை விதானைமாருக்கும் மீனவர் சங்கத்தாருக்கும் அதன் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். இதற்கெனத் தனியாகப் பணம் ஒதுக்கத் தேவையில்லை. வெட்டுக்கூலியில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.